வைரம் பாய்ந்த மரமும் நீராவியும்

ஸ்ரீ கெம்பாங்கானிலும் அதனைச் சூழ்ந்த செர்டாங், பாலக்கோங் வட்டாரங்களிலும் உள்ள மாடித் தொடர்வீடுகள் பலவற்றில் ஒரே வகையான அமைப்பைக் காணலாம். கீழ்த்தளத்தில் ஓடு அல்லது சலவைக்கல் பாவியிருக்கும். மாடிப்படியிலும் மேல்தளத்துப் படுக்கையறைகளிலும் மரம் பாவியிருக்கும். இவ்வமைப்பின் காரணமாக இக்காலத்து இல்லங்களில் ஓர் ஐயம் எழுந்திருக்கிறது. நீராவியைக் கொண்டு தரை துடைக்கும் மின்கருவி இப்போது கடைதோறும் விற்பனைக்கு வந்துவிட்டது. சமையலறை ஓட்டின்மீது செம்மையாக வேலை செய்யும் அக்கருவியை அப்படியே மாடிக்குத் தூக்கிச் சென்று மரத்தரைமீதும் ஓட்டலாமா என்பதே அவ்வையம்.

ஓட்டலாகாது என்பது இக்கட்டுரையின் முடிபு. “மரம் வன்மையானது, ஆதலால் தாங்கும்” என்று பலரும் நம்புவதற்குக் காரணம் உண்டு. அந்த நம்பிக்கை எவ்விடத்தில் பிழைபடுகிறது என்பதைப் பார்ப்பதற்கு மரத்தின் இயல்பையும் நீராவியின் இயல்பையும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும்.

கருவியின் மீது குறையொன்றும் இல்லை. சிறு தொட்டியில் நீர். அதன் அடியில் மின்சூடு. கொதித்தெழும் ஆவி குழாய் வழியே இறங்கி ஒரு துணியின் ஊடாகத் தரையைத் தொடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இளகுகிறது, நுண்கிருமிகள் மடிகின்றன, சவர்க்காரமோ மருந்தோ வேண்டியதில்லை. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது பெரிய நன்மை. மெத்தையின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் மூட்டைப்பூச்சியையும் அதன் முட்டையையும் கொல்வதற்கு நீராவி நல்ல வழிகளுள் ஒன்று. ஓட்டுக்கும் மெத்தைக்கும் பொருந்துவது மரத்துக்கும் பொருந்துமா என்பது மட்டுமே இங்கே வழக்கு.

முதலில் சொல்லைக் கவனிப்போம். இத்தகைய கருவிகளின் பெட்டிமீது ‘வன்மரத் தரைக்கும் ஏற்றது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டவுடன் இரும்பையொத்த ஒரு மரம் நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஆனால் தாவர நூலார் அச்சொல்லை வன்மை நோக்கி ஆள்வதில்லை. அகன்ற இலையும், சூலறைக்குள் பொதிந்த விதையும் உடைய மரவகை முழுவதற்கும் அது பொதுப்பெயர். பொம்மை விமானம் செய்யப் பயன்படும் பால்சா, நகத்தால் அழுத்தினாலே குழியும். அதுவும் அவர்கள் கணக்கில் ‘வன்மரம்’தான். நம் முன்னோர் பிரித்த முறை வேறு. அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும், புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்திருப்பதைத் தமிழாசிரியர்கள் அனைவரும் வகுப்பில் நடத்தியிருப்பர். காழ் என்பது வைரம். ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று இன்றும் தச்சர் சொல்வது அந்த உட்பகுதியைத்தான். மரத்தின் தரத்தைத் தச்சன் அறிய விரும்பினால், அவன் கேட்பது காழ் எவ்வளவு, வெளிறு எவ்வளவு என்பதே. இலையின் அகலம் அவனுக்கு வேண்டியதன்று.

மலேசிய மரவாணிகத்தில் இந்தப் பெருந்தொகுதியைக் கனத்த வன்மரம், நடுத்தர வன்மரம், இலேசான வன்மரம் என மூன்றாகப் பிரிப்பர். செங்கால், பாலாவ் ஆகியவை முதல் வகை; ஒரு கனமீட்டர் 800 கிலோவுக்கு மேல் நிறுக்கும். கெம்பாஸ் நடுவகை. ரப்பர் மரம் மூன்றாம் வகை. கனமீட்டருக்கு 600 கிலோவை ஒட்டியே நிற்கும். மாடிப்படிக்கும் தரைக்கும் இந்நாட்டில் பெரிதும் விரும்பப்படும் மெர்பாவ், 2019ஆம் ஆண்டில் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. இவை அனைத்தையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டு, ‘இதற்கு ஏற்றது’ என்று பெட்டிமீது எழுதுவது, ‘தானியத்துக்கு ஏற்றது’ என்று எழுதிவிட்டு நெல்லா, கம்பா, கேழ்வரகா என்று சொல்லாமல் விடுவதைப் போன்றது.

இனி, மரம் தாங்கும் என்பாரின் வலுவான வாதத்தைக் கேட்போம். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் எளிதில் எடுத்துக்காட்டுவது இரயில்பாதை. தண்டவாளத்தின் அடியில் கிடந்த சிலீப்பர் கட்டைகளில் செங்கால் இருந்தது. காப்பெண்ணெய் ஊட்டிய கெம்பாஸும் இருந்தது. அவற்றைச் சுமந்து சென்று பாதையில் பரப்பியவர்களுள் நம்மவர் எத்தனை ஆயிரம் பேர்! அக்கட்டைகள் ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்தன. நண்பகல் வெயிலில் காய்ந்தன. இரயில் வண்டியின் பாரத்தையும் தாங்கின. அவ்வளவையும் பொறுத்த மரம், ஒரு நிமிட நீராவியைப் பொறாதா?

இவ்வாதத்தில் மூன்று வேறு பண்புகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பாரம் தாங்குவது உறுதி. பூஞ்சைக்கும் செல்லுக்கும் இரையாகாமல் இருப்பது நிலைப்பு. ஈரம் ஏறும்போது விரிந்து, இறங்கும்போது சுருங்குவது அசைவு. முதலிரண்டிலும் சிறந்த மரம் மூன்றாவதிலும் சிறந்ததாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. கெம்பாஸ் உறுதி மிக்கது. ஆயினும் காப்பெண்ணெய் இன்றி வெட்டவெளியில் நிலைக்காது. அதுபோலவே, சிலீப்பர் கட்டை வெடித்தது, வளைந்தது, விளிம்பு உயர்ந்தது. எவரும் கவலைப்படவில்லை, தண்டவாளம் அசையாதிருந்தால் போதும். கட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஓரடிக்கு மேல் இடைவெளி. அதில் அது எவ்வளவு வேண்டுமானாலும் விரியலாம். வீட்டுத்தரையிலோ பலகைகள் மயிரிழை இடமின்றி நெருங்கிக் கிடக்கின்றன. அங்கே அரை மில்லிமீட்டர் உயர்ந்தால் காலில் தட்டும். ஒரு மில்லிமீட்டர் பிரிந்தால் அழுக்கு குடியேறும். கட்டை ஒன்றாயினும் அதனிடம் நாம் எதிர்பார்க்கும் ஒழுக்கம் வேறு.

மரம் ஏன் அசைகிறது? அது உயிரோடு நின்றபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழல்களின் கட்டு. அறுத்துப் பலகையாக்கிய பின்னும் அக்குழல்கள் இருக்கின்றன. குழல்களின் உட்கூட்டில் நிற்கும் நீர் போனாலும் வந்தாலும் பலகையின் அளவு மாறாது. குழலின் சுவரிலேயே ஊறியிருக்கும் நீர்தான் அளவை மாற்றுவது. உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 25 முதல் 30 விழுக்காடு வரை அச்சுவர் நீரை ஏற்கும். அதுவரை பலகை பருத்துக்கொண்டே போகும். பருப்பதும் எல்லாப் பக்கமும் ஒருபோல் அன்று. நீளவாட்டில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மிகுதி. மையத்திலிருந்து வெளியே செல்லும் திசையில் அதில் ஏறத்தாழ பாதி. ஒரே பலகை திசைக்கொரு அளவாக விரிவதால்தான் அது கோணுகிறது, முறுக்கிக்கொள்கிறது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஈரம் ஒரு விழுக்காடு ஏறும்போது பலகையின் அகலம் 0.2 விழுக்காடு கூடுவதாகக் கொள்வோம். மரத்துக்கு மரம் இது சற்றே மாறும். அறையின் அகலம் 3 மீட்டர். பலகைகளில் ஈரம் 4 விழுக்காடு ஏறினால் தரை முழுவதும் விரிய விரும்பும் அளவு 24 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம். சுவரோரம் அவ்வளவு இடம் விட்டிருக்க மாட்டார்கள். பலகைகள் ஒன்றையொன்று நெருக்கும். நெருக்கம் பொறாமல் சில மேலே எழும். எழ முடியாதவற்றின் விளிம்பிலுள்ள குழல்கள் நசுங்கும். நசுங்கிய குழல் உலர்ந்த பின் பழைய பருமனுக்குத் திரும்பாது. ஆகவே, ஈரம் வடிந்தபின் முன்பு இல்லாத இடைவெளிகள் தோன்றும். நனைந்தபோது பருத்த தரை உலர்ந்தபின் முன்னிலும் மெலிவது இதனால்தான். இதனைக் காணும் வீட்டுக்காரர், “மரம் காயாத மரம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்று நினைப்பதுண்டு.

இந்நாட்டுக் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கிறது. அத்தகைய காற்றில் கிடக்கும் மரம் தன் உலர் எடையில் 15 அல்லது 16 விழுக்காடு நீரைத் தானாகவே வாங்கி வைத்துக்கொள்ளும். குளிர்நாடுகளின் சூடேற்றிய வீடுகளில் அதே மரம் 6 முதல் 9 விழுக்காட்டோடு நிற்கும். அந்நாட்டார் தரையில் சிந்திய ஈரத்தை வறண்ட காற்று விரைவில் உறிஞ்சிக்கொள்கிறது. நம் ஊரில் காற்றுக்கே தாகம் இல்லை. குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையோ இரவில் வறண்டும் பகலில் ஈரமேறியும் மரத்தை நாள்தோறும் ஆட்டிவைக்கிறது. அதன்மேல் வாரந்தோறும் நீராவியும் ஏற்றினால், ஏற்கெனவே ஓயாமல் உழைத்துக்கொண்டிருப்பவன் தலையில் இன்னொரு மூட்டையை வைப்பதாகும்.

அடுத்து நீராவியைப் பார்ப்போம். ‘ஆவிதானே, நீரில்லையே, உடனே காய்ந்துவிடும்’ என்று விற்பவர் சொல்வர். குளிர்ந்த தரையைத் தொட்டவுடன் ஆவி நீராகத்தான் மாறுகிறது. மாறும்போது தன்னுள் அடக்கி வைத்திருந்த வெப்பத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது. கொதிநீர் ஒரு கிராம் 100 பாகையிலிருந்து 30 பாகைக்குத் தணியும்போது 70 கலோரி வெப்பம் கொடுக்கும். அதே ஒரு கிராம் ஆவி, நீராக மாறுவதிலேயே 540 கலோரியைக் கொடுத்துவிட்டுப் பிறகு அந்த 70ஐயும் கொடுக்கும். கொதிநீர் பட்டதைக் காட்டிலும் ஆவி பட்ட கை ஏன் கடுமையாக வெந்துபோகிறது என்பது இதனால் விளங்கும். ஓட்டின் பிசுக்கை இளக்குவதும் இந்த வெப்பம்தான். மரத்தின் மேற்பூச்சையும் அடிப்பசையையும் இளக்குவதும் இதே வெப்பம்தான். எதனை இளக்க வேண்டும், எதனை விட்டுவிட வேண்டும் என்று ஆவி பார்ப்பதில்லை.

உடலுக்கு ஆவி கொடுப்பதை ‘வேது பிடித்தல்’ என்று நம் மருத்துவ மரபில் சொல்வர். இறுகியதைத் தளர்த்துவதே அதன் நோக்கம். மரத்துக்கும் வேது பிடிப்பார்கள். தச்சுத் தொழிலில் அது பழைய வித்தை. மரத்தின் நார்களைச் சாந்துபோல் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள், ஈரமும் சூடும் ஒருசேரப் பட்டால் இளகும். இளகிய வேளையில் மரத்தை வளைத்து, அப்படியே கட்டி வைத்தால், ஆறியபின் வளைந்தபடியே நிற்கும். மைக்கேல் தோனெட் என்ற ஜெர்மானியத் தச்சர் இம்முறையில் பீச் மரத்தை வளைத்து 1859இல் வெளியிட்ட பதினான்காம் எண் நாற்காலி உலகெங்கும் பரவியது. நம் பழைய கோப்பிக் கடைகளில் வட்ட இருக்கையும் வளைந்த முதுகும் கொண்டு நின்ற நாற்காலிகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. திரங்கானுவின் பூலாவ் டூயோங் தீவில் படகு கட்டுவோர், செங்கால் பலகைகளை நெருப்பின் வெம்மையில் வாட்டிப் படகின் விலாவுக்கு ஏற்ப வளைக்கிறார்கள். செங்காலே வளைகிறது என்றால், வன்மை காக்கும் என்ற நம்பிக்கைக்கு இடம் ஏது?

இவ்விடத்தில் நடுநிலை தவறக் கூடாது. மரத்தை வளைக்க வேண்டுமானால் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆவியில் வைக்க வேண்டும் என்பது தச்சர் கணக்கு. துடைப்பான் ஓரிடத்தில் நிற்பதோ சில நொடிகள். ஒரு முறை ஓட்டியதால் பலகை வில்லாக வளைந்துவிடாது. முதல் நாள் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள இடர். ஆனால் சில நொடி ஆவியும் மரத்தினுள் வேலை செய்யும் என்பதற்குத் தச்சுப் பட்டறையிலேயே சான்று உண்டு. மேசைமீது சுத்தியல் விழுந்து குழி ஏற்பட்டால், ஈரத்துணியை அதன்மேல் விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியைச் சற்றே வைத்து எடுப்பார்கள். நசுங்கிய நார்கள் ஆவியைக் குடித்து மேலெழும், குழி மறையும். பூச்சற்ற மரத்தில் இது கண்முன்னே நடக்கும். குழியில் நார் எழுவது நமக்கு வேண்டியது. சமமான தரையில் நார் எழுவது வேண்டாதது. வேறுபாடு அவ்வளவுதான்.

“எங்கள் தரைமீது பூச்சு இருக்கிறதே” என்று கேட்கலாம். பூச்சு புதிதாகவும் முழுமையாகவும் இருக்கும்வரை அது நல்ல காவல். ஆனால் காவல் இருப்பது பலகையின் முகத்தில். பலகைக்கும் பலகைக்கும் இடையே இல்லை. நாக்கும் காடியுமாகப் பொருத்திய மூட்டுகளில், மரம் அசைய அசையப் பூச்சு மயிரிழையாக வெடித்துவிடும். மெழுகுப் பூச்சின்மீது சிந்திய நீர் முத்தாகத் திரண்டு நிற்கும், அதனைத் துடைத்துவிடலாம். ஆவியோ வளி. வளி புகக்கூடிய இடமெல்லாம் அது புகும். புகுந்த இடத்தில் குளிர்ந்து நீராகும். துணி எட்டாத ஆழத்தில் நீரை வைத்துவிட்டு வருவதே மரத்தரையில் நீராவிக் கருவி செய்யும் வேலை. மேல்முகம் இரண்டே நிமிடத்தில் காய்ந்து பளபளக்கும். அடிமுகமோ நாட்கணக்கில் ஈரமாக இருக்கும். அடி பருத்து மேல் பருக்காமல் இருந்தால் பலகையின் இரு விளிம்புகளும் உயர்ந்து நடு தாழும். கீற்று ஓலை காய்ந்து குவிவதைப்போல.

பூச்சும் தானாகக் கெடும். தேன்மெழுகு 65 பாகைக்குள் உருகிவிடும். பழைய நாற்காலி மேசைகளில் காணும் அரக்குப் பூச்சு கொதிநீரின் சூட்டுக்கு முன்பே இளகும். ஈரம் உட்புகுந்தால் வெண்புகை படர்ந்ததுபோல் மங்கும். சூடான கோப்பிக் குவளை வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுவது இதன் சிறு வடிவம். இன்றைய பாலியூரித்தேன் பூச்சு இவற்றைவிட வலியது. அதுவும் நாளடைவில் மங்கி, மூட்டோரம் உரியத் தொடங்கும்.

மெர்பாவ் மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தமிழாசிரியர்கள் இதனை விரும்பிக் கேட்பார்கள் என எண்ணுகிறேன். அம்மரத்தில் நீரில் கரையும் சாயப்பொருளும் துவர்ப்பொருளும் மிகுதி. நனைந்தால் செம்பழுப்புச் சாறு கசிந்து பக்கத்துச் சுவரையும் கறைப்படுத்தும். இரும்பாணி உள்ள இடத்தில் ஈரம் தங்கினால் ஆணியைச் சுற்றிக் கருநீல வளையம் தோன்றும். அந்தக் கறை வேறொன்றுமன்று, மை. கடுக்காயின் துவர்ப்போடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து நம் முன்னோர் எழுதுமை காய்ச்சினார்களே, அதே வேதியல் இங்கே தரையில் நடக்கிறது. காகிதத்தில் நூற்றாண்டுகள் அழியாமல் நிற்பதற்காகச் செய்த மை, மரத்தில் மட்டும் சோப்பு நீருக்கு அழியுமா? அதனைப் போக்க மேல்முகத்தையே இழைத்தெடுக்க வேண்டும்.

ரப்பர் மரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூன்று தலைமுறைத் தமிழர் அதன் பட்டையைச் சீவிப் பால் எடுத்தனர். 25, 30 ஆண்டுகளில் பால் வற்றிய மரத்தை வெட்டி மறுநடவு செய்தபோது, அக்கட்டை பெரும்பாலும் விறகாகத்தான் போயிற்று. ரப்பர்த் தகடுகளுக்குப் புகை போடும் அடுப்பிலும் அதுவே எரிந்தது. 1980களிலிருந்து அது நாற்காலியாகவும் கட்டிலாகவும் தரைப்பலகையாகவும் ஏற்றுமதியாகும் பொருளாயிற்று. வெளிர்நிறமும் இழைப்பதற்கு எளிமையும் அதன் சிறப்பு. குறையும் உண்டு. அதில் மாவுச்சத்து மிகுதி, வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூஞ்சை படரும், துளைவண்டு புகும். ஆகையால் அறுத்தவுடன் போரான் மருந்தை ஊட்டி உலர்த்துகிறார்கள். அம்மருந்து நீரில் கரைவது. வீட்டினுள் உலர்ந்திருக்கும்வரை காவல் நிற்கும். ஓயாது நனையும் மரத்திலிருந்து சிறுகச் சிறுக வெளியேறிவிடும். செங்காலுக்குத் தன்னிடமே காவல் உண்டு. ரப்பர் மரத்துக்கு நாம் கொடுத்த காவல் மட்டுமே. இரண்டையும் ‘வன்மரம்’ என்ற ஒரே பெயரில் அழைத்து ஒரே கருவியால் துடைக்கச் சொல்வது எவ்வளவு பொருந்தாது என்பது இதிலிருந்து தெளிவாகும்.

மூங்கில் தரையும் இப்போது விற்கிறார்கள். தொல்காப்பியர் கணக்கில் அது மரமே அன்று, புறக்காழ் உடைய புல். இன்றைய தாவர நூலாரும் புல் குடும்பத்திலேயே வைக்கிறார்கள். மூங்கில் சிம்புகளைப் பசையிட்டு அழுத்திச் செய்வதால் அதன் உயிர் பசையில் இருக்கிறது. அட்டைபோல் அழுத்திய நார்ப்பலகைக்கு மரப்படம் ஒட்டி விற்கும் ‘லேமினேட்’ தரை இதனினும் மோசம். விளிம்பில் ஈரம் புகுந்தால் ரொட்டிபோல் உப்பி, பின் ஒருபோதும் தணியாது.

“முன்பு தோட்டத்திலும் கம்பத்திலும் பலகைத் தரையை வாளி வாளியாக நீர் ஊற்றிக் கழுவினார்களே, ஒன்றும் ஆகவில்லையே” என்று மூத்தோர் கூறுவதில் உண்மை இருக்கிறது. தூண்கள்மீது உயர்த்திக் கட்டிய மலாய்க் கம்பத்து வீடுகளை நினைத்துப் பார்க்கட்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே வேண்டுமென்றே கீற்று விட்டிருப்பர். ஊற்றிய நீர் கீழே இறங்கிவிடும். அடியில் காற்று ஓடும். மேலும் கீழும் ஒருங்கே காயும். பூச்சு இல்லை, பசை இல்லை, நெருக்கம் இல்லை. தோட்டங்களில் உயர்த்திக் கட்டியிருந்த பலகை லயங்களிலும் இதே நிலை. இன்றைய மாடியறையில் பாய் முடைந்த பாங்கில் சிறு மரத்துண்டுகளைச் சிமெந்துத் தளத்தில் பசையிட்டு ஒட்டியிருக்கிறார்கள். கீழே காற்று இல்லை. இறங்கிய நீருக்குத் திரும்பும் வழி, வந்த வழி ஒன்றே. பசை இளகினால் துண்டுகள் ‘டக் டக்’ என்று ஓசையிடும். பிறகு ஒன்றிரண்டாகப் பெயரும். ஈரம் நின்ற மரத்தைச் செல்லு தேடி வருவதும் இந்நாட்டில் யாவரும் அறிந்தது. பாட்டியின் வாளி நீரைத் தாங்கியது மரம் மட்டுமன்று. வீட்டின் அமைப்பும் சேர்ந்துதான் தாங்கியது.

மரத்தரை அமைப்போரின் சங்கங்கள் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய மரத்தரைச் சங்கம், நீர் சொட்டும் துடைப்பானையும் நீராவித் துடைப்பானையும் மரத்தரைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. அதுவும் வறண்ட காற்றுள்ள நாட்டில் இருந்துகொண்டு! கருவி விற்போர், ‘முழுதும் அடைத்துப் பூச்சிட்ட தரை’ என்ற சிறிய எழுத்தைச் சேர்த்துத் தம்மைக் காத்துக்கொள்கிறார்கள். இருபதாண்டு பழைய படுக்கையறைத் தரையில் எந்த மூட்டு அடைந்திருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துச் சொல்லக்கூடியவர் யார்? சோதித்து அறிய முடியாத நிபந்தனையை நிபந்தனையாகக் கொள்வதில் பயனில்லை. மரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நமக்குத் தொலைவில் தேட வேண்டியதும் இல்லை. 1929இல் கெப்போங்கில், ஈயம் தோண்டி வெறுமையான நிலத்தில் காடு வளர்த்து நிறுவிய வன ஆராய்ச்சி நிலையம் இந்நாட்டு மரங்களின் இயல்பைப் பல்லாண்டாக ஆராய்ந்து வருகிறது. அந்த வனப் பூங்கா 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் வனவியல் கற்பிக்கிறார்கள். ஸ்ரீ கெம்பாங்கான் மாணவர்க்கு அது அண்டைவீடு.

இழப்பது என்ன என்பதையும் எண்ண வேண்டும். செங்காலும் பாலாவும் மெர்பாவும் மெல்ல வளரும் காட்டு மரங்கள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இட்ட தரையை இன்று அதே மரத்தால் மாற்றுவது பெருஞ்செலவு. இழைத்துப் புதுப்பிக்கலாம் என்றாலும், ஒட்டுத் துண்டுகள் மெல்லியவை. ஒவ்வோர் இழைப்பும் அவற்றின் ஆயுளில் ஒரு பங்கைச் சீவிவிடும். வாடகைக்கு இருப்போருக்கு முன்பணம் போகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் தரை துடைப்பவர் வீட்டுக்காரர் அல்லர்; மணிக்கணக்கில் கூலிக்கு வரும் பெண்மணி. எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டலாகாது என்று சொல்லாமல் கருவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, துண்டு பெயர்ந்தபின் அவர் கூலியில் பிடித்துக்கொள்வது அநீதி.

மரத்தரைக்கு வேண்டியது மிகச் சிறிது. நாள்தோறும் மென்மையான துடைப்பத்தால் மணலையும் தூசியையும் பெருக்குவதே தலையாய பணி. பூச்சைத் தேய்ப்பது அழுக்கைவிட மணலே. வாரம் ஒரு முறை துணியை நீரில் நனைத்து, இனிச் சொட்டு விழாது என்னும்வரை பிழிந்து, பலகையின் நீளவாட்டில் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றலாம். துடைத்த தடம் ஒரு நிமிடத்துக்குள் மறைய வேண்டும். மறையவில்லையானால் பிழிந்தது போதாது. பிசுக்கு இருந்தால் காரமற்ற சவர்க்காரம் சில துளி. காடியும் எலுமிச்சையும் பூச்சை மங்கச் செய்யும். ஓட்டுக்கு இடும் குளோரின் நீர் மரத்துக்கு ஆகாது. குழந்தை தவழும் அறையில் கிருமிக்கு அஞ்சுவோர், நோயாளி இல்லாத வீட்டில் சவர்க்காரத் துணியும் காற்றும் போதும் என்று அமைதி கொள்ளலாம். நீராவிக் கருவியைக் கீழ்த்தளத்திலேயே வைத்துவிட்டு, படிக்கட்டுக்கு முன் அதன் மின்கம்பியைப் பிடுங்கிவிடுவது நல்லது. மெர்பாவ் படிகளும் மரமே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முன்பே பயன்படுத்தி விளிம்புகள் உயர்ந்திருக்கும் தரை உடையோர் ஒன்றில் அவசரப்படக் கூடாது. உயர்ந்த விளிம்பைக் கண்டவுடன் இழைப்புக்காரரை அழைத்துச் சமப்படுத்தச் சொல்வது இயல்பு. அப்போது அடிமுகம் இன்னும் ஈரமாகவே இருக்கும். விளிம்பைச் சீவியபின் அடி காய்ந்து சுருங்கும். சீவப்படாத நடு இப்போது முதுகாகப் புடைத்து நிற்கும். மீண்டும் இழைக்க மரம் மிஞ்சாது. நீராவியை நிறுத்தி, சன்னலைத் திறந்து, மழை நாளில் குளிர்சாதனத்தை மிதமாக ஓட்டி, விசிறியைத் தரையை நோக்கி வைத்துப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஊசி பதித்து ஈரம் அளக்கும் சிறு கருவி தச்சரிடம் இருக்கும். நனையாத அறையின் பலகையும் நனைந்த அறையின் பலகையும் அதில் ஒரே எண்ணைக் காட்டும்வரை உளியையோ மணல்தாளையோ எடுக்க வேண்டியதில்லை. பல பலகைகள் அதற்குள் தாமாகவே பெரும்பகுதி படிந்துவிடும். படியாதவற்றை மட்டும் அதன் பின்னர் தச்சரிடம் காட்டலாம்.